ஒரு படி தவிடு நீங்கலாக

வில்லியனூர் கடைத்தெருவில் கமலவேணியைப் பேச்சில் மடக்கியவர் எவரும் கிடையாது. பாத்திரக்கடை அவளுடையது. விலையைக் குறைத்தே தீருவது என்று வரிந்து கட்டிக்கொண்டு வருகிறவர், கேட்காத இரண்டு தட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, தானே ஜெயித்ததாக நினைத்து வீடு போய்ச் சேருவார். அவள் வாய் செல்லுபடியாகாத ஆள் ஒருவர்தான். வருடா வருடம் போகிக்கு முதல்நாள் டிவிஎஸ் வண்டியில் வந்து ஒரு பித்தளைப் பொங்கல் பானை எடுப்பார். கரும்பு போடுகிற ஆள். செருப்பில் சேறு காய்ந்திருக்கும். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஒரு சிரிப்போடு போய்விடுவார். பெயர் தெரியாது. கடையில் அவருக்குப் 'பேரம் பேசாதவர்' என்று பட்டம். சண்டைக்கே வராத ஆளோடு என்ன சண்டை போடுவது என்று கமலவேணிக்கு எரிச்சலாக வரும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அம்மா கலியம்மாள் மட்டும் அவருக்கு ஒரு கரண்டியைக் கொசுறாகப் போட்டு அனுப்புவாள். வேறு யாருக்கும் அந்தக் கையிலிருந்து ஒரு ஸ்பூன் சும்மா போனது கிடையாது.

அப்பேர்ப்பட்ட கமலவேணியை அச்சகத்து நவீன்குமார் ஒரே கேள்வியில் வாயடைக்க வைத்தான்.

"அக்கா, தாய்மாமன்னு போட்டு கீழ காலியா வுட்டிருக்கீங்க. பேரு இன்னா போடணும்?"

மகள் தீபிகாவுக்கு மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை பாலாஜி திருபுவனையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், தங்கமான பிள்ளை. மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது. மார்கழி பிறந்ததும் பிறக்காததுமாகப் பத்திரிகையின் மாதிரித் தாளும் வந்துவிட்டது. அந்தக் காலி வரியைத்தான் கமலவேணி பார்த்துக்கொண்டே நின்றாள். பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவதும் தாய்மாமன். சித்தப்பன் பெரியப்பன் வராவிட்டால் ஊர் ஒரு நாள் பேசும். மாமன் இல்லாவிட்டால் பேரன் பேத்தி காலம் வரைக்கும் பேசும்.

"நாளைக்குச் சொல்றன் போ."

"நாளைக்குன்னா நாளைக்கேதாங்க்கா. தை முகூர்த்தம் வருது, மெஷினு நிக்காம ஓடிகினு இருக்குது."

"மெஷினுதான ஓடுது, நீ ஏண்டா ஓடற?" என்றாள். அதில் வழக்கமான உறைப்பு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

கமலவேணிக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. அதிலும் அவள் அந்த வீட்டுக்குத் தத்து வந்தவள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் அப்பா சுப்பராயலு ஒரு நாள் உட்காரவைத்து, "நீ பாகூர் பக்கத்துலேர்ந்து எங்களுக்கு வந்த பொண்ணும்மா. நம்ம ரிஜிஸ்தர் ஆபீசுல எழுதியிருக்குது" என்று இரண்டே வாக்கியம் சொன்னார். மூன்றாவது வாக்கியத்துக்குக் கலியம்மாள் இடம் கொடுக்கவில்லை. அடுக்களையிலிருந்து "சாப்பாடு ஆறிப்போவுது" என்று ஒரு குரல் வந்தது. பேச்சு அதோடு சரி. அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. மிச்சக் கதையைக் கமலவேணி தானே எழுதிக்கொண்டாள். மூன்றாவதோ நாலாவதோ பெண்ணாகப் பிறந்திருப்பாள். இதுவும் பொட்டையா என்று அலுத்துக்கொண்டு தள்ளிவிட்டிருப்பார்கள். அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. ஆனாலும் இருபது வருடத்துக்கு மேலாக அதை நம்பி, நம்பியதற்காக அவ்வப்போது தனியாக அழுதும் வந்தாள்.

தீபிகாவின் மஞ்சள் நீராட்டுக்கு மாமன் தேவைப்பட்டபோது, கணவன் செந்தில்நாதன் எதிர்வீட்டு மாவுமில்காரரை இரவல் மாமனாகப் பிடித்து வந்தார். மனிதர் ஒரு புடவை வைத்தார். வைத்துவிட்டு, அந்த ஒரு புடவைக்காக எட்டு வருடம் மாமன் அதிகாரம் பண்ணினார். தீபிகா எந்தக் காலேஜில் சேரவேண்டும், வீட்டுக்கு என்ன வர்ணம் அடிக்கவேண்டும் எல்லாவற்றுக்கும் அவரைக் கேட்கவேண்டும். போன வருடம்தான் மில்லை விற்றுவிட்டு மகனோடு ஓசூருக்குப் போனார். இன்னொரு தரம் இரவல் வாங்க யாருக்கும் தெம்பில்லை.

"ரிஜிஸ்தர் பண்ணதுன்னா ரெக்கார்டு இருக்கும்லம்மா? போயி கேட்டா இன்னா?" என்றாள் தீபிகா. "உனக்கு ஒரு அண்ணனோ தம்பியோ இருந்தா எனக்கு அசல் மாமன் கெடப்பாருல்ல?"

"கேக்கலாம்டி. உங்க ஆயாவுக்குத் தெரிஞ்சா?"

அதுதான் பயம். கலியம்மாளுக்கு வயது எழுபத்தெட்டு. இன்றைக்கும் பத்து மணிக்குக் கல்லாவில் வந்து உட்கார்ந்தால் ஒரு ரூபாய் பிசகாது. எதைப் பற்றியும் பேசுவாள், எவரையும் ஏசுவாள். பாகூர் என்ற பேரை எடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்தக் கிழவி மனதை நோகடித்துவிட்டு ஒரு மாமனைச் சம்பாதிப்பதா என்று கமலவேணி இரண்டு நாள் தவித்தாள். மூன்றாம் நாள், சரக்கு பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலக வாசலில் பத்திரம் எழுதும் இளங்கோவன், விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேனாவால் காதைச் சொறிந்தார்.

"எந்த வருஷம்க்கா?"

"தெரியாது."

"பத்திர நம்பரு?"

"அது தெரிஞ்சா உங்கிட்ட ஏன் வரன்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவளை எந்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள் என்று கேட்டார். எண்பத்தேழு என்றாள். "அப்ப அந்த வருஷந்தான். ஸ்கூல்ல சேக்கறதுக்கு அப்பா பேரு வேணுமே, அதுக்கு முன்னாடி ஓடிவந்து எழுதியிருப்பாங்க" என்று சொல்லி, மனு எழுதிக் கொடுத்து உள்ளே அனுப்பினார்.

உள்ளே இருந்த எழுத்தர் கீதாஞ்சலி சின்னப் பெண், ஆனால் கறார். "இது நாலாம் புத்தகம்மா. நெலம் மனை மாதிரி கேட்டவங்களுக்கெல்லாம் காட்ட முடியாது. எழுதிக் குடுத்தவங்க, எழுதி வாங்கினவங்க, இல்லன்னா அந்தப் பத்திரத்தால உரிமை வந்தவங்க, அவங்களுக்குத்தான் நகல் தரலாம்."

"எழுதி வாங்கினவரு எங்க அப்பா, போயிட்டாரு. எழுதிக் குடுத்தவரு யாருன்னு தெரிஞ்சிக்கத்தான் வந்திருக்கன்."

"அப்ப நீங்க யாரு?"

"அந்தப் பத்திரத்துல கை மாறின சொத்தே நான்தாம்மா!"

கீதாஞ்சலி சிரித்துவிட்டாள். பிறகு ஆதார், பள்ளிச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கிச் சரிபார்த்து, பத்து நாள் கழித்து வரச்சொன்னாள். அந்தப் பத்து நாளும் கமலவேணி கடையில் விலை சொல்லத் தடுமாறினாள். நவீன்குமார் தினமும் போன் போட்டான். மாமன் வரி நீங்கலாக மற்றதையெல்லாம் கோத்து வை என்று அவனைச் சமாளித்தாள்.

பதினோராம் நாள் நகல் கைக்கு வந்தது. கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்ததால் இளங்கோவனிடமே கொடுத்து, அவர் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கச் சொன்னாள்.

"பாகூர் கொம்யூன் சேலியமேடு கிராமத்தில் இருக்கும் அரங்கநாதன் ஆகிய நான், என் மனைவி மணியம்மாள் சம்மதத்துடன், வில்லியனூர் பாத்திர வியாபாரம் சுப்பராயலு, அவர் மனைவி கலியம்மாள் ஆகியோருக்கு எழுதிக் கொடுத்த தத்துப் பத்திரம்..."

அரங்கநாதன். மணியம்மாள். இரண்டு பெயரையும் கமலவேணி மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இளங்கோவன் தொடர்ந்து வாசித்தார்.

"...மேற்படி குழந்தையைக் கொடுத்ததற்காக நான் ரொக்கமாகவோ பொருளாகவோ யாதொரு பிரதிபலனும் பெற்றுக்கொள்ளவில்லை..." இங்கே அவர் நிறுத்தி, தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "வரிக்கு மேல சேத்து எழுதியிருக்காங்க. பக்கத்துல கைநாட்டு வேற. 'ஒரு படி தவிடு நீங்கலாக.'"

"இன்னாது?"

"ஒரு படி தவிடு நீங்கலாக."

கமலவேணி எழுந்துவிட்டாள். ஒரு படி தவிடு! மாட்டுக்கு வைக்கிற தவிடு! பெண்ணென்று அலுத்துத் தள்ளியிருப்பார்கள் என்று நினைத்ததுகூடப் பொறுக்கும். விலை வைத்திருக்கிறார்கள், அதையும் இந்த விலைக்கு வைத்திருக்கிறார்கள். ஓட்டை அலுமினியச் சட்டியைக்கூட அந்த விலைக்கு அவள் கொடுத்ததில்லை.

"அக்கா, அது இன்னான்னா, அந்தக் காலத்துல..." என்று இளங்கோவன் ஆரம்பித்தார். அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒரு குடம் கண்ணீரும் மிச்சமாகியிருக்கும். ஆனால் கமலவேணி கோபத்தில் நின்று கேட்டதாகச் சரித்திரமே கிடையாது.

நேரே மாட்டுத்தீவனக் கடைக்குப் போனாள். "ஒரு படி தவுடு குடு. கிலோ இல்ல, படி. தலை குவிய அளந்து போடு."

"மாடு வாங்கியிருக்கீங்களாக்கா?"

"ஆமா. நாப்பத்து மூணு வயசு மாடு."

தவிட்டுப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்கு விட்டாள். இரண்டு பக்கமும் நெல்லும் கரும்புமாகப் பச்சை. எதையும் அவள் பார்க்கவில்லை. அங்கே போய் என்ன பேசுவது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்தாள். மூன்றிலும் கடைசியில் அவளே அழுதுவிட்டதால், பேசாமல் பையை வீசிவிட்டுத் திரும்புவது என்று முடிவு செய்தாள்.

சேலியமேட்டில் விசாரித்ததற்கு, "அரங்கநாதன் செத்துப் பதினேழு வருஷம் ஆச்சே. அவரு பையன் வூடு அதோ, டிராக்டரு நிக்குது பாரு" என்று கை காட்டினார்கள். வாசலில் ஒரு அம்மாள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கமலவேணி பையை அவள் முன்னால் வைத்தாள். வீச நினைத்ததுதான், கை வரவில்லை.

"இந்தாங்க. நீங்க வாங்கின ஒரு படி தவுடு. கொறையாம அளந்து கொண்டாந்திருக்கன். இத்தோட உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

அந்த அம்மாள் பைக்குள் கையை விட்டாள். தவிட்டை அள்ளிப் பார்த்தாள். பிறகு கமலவேணியின் முகத்தைப் பார்த்தாள். முறம் சரிந்து உளுந்து வாசலெல்லாம் உருண்டது.

"டேய் புகழு! ஓடியாடா! அக்கா வந்துருச்சிடா! உங்க அக்கா வந்துருச்சி!"

டிராக்டருக்குப் பின்னாலிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்த ஆளைக் கமலவேணி பார்த்தாள். பேரம் பேசாதவர்!

"நீயா?"

"நான்தாங்க்கா. புகழ்வேந்தன்." அவன் பையைப் பார்த்தான், பத்திர நகலைப் பார்த்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவனுக்கு. "இன்னாக்கா இது, தவுடு தப்பான பக்கத்துலேர்ந்து வருது! நாங்க இல்ல அத எடுத்துகினு உங்க வூட்டுக்கு வரணும்!"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணியம்மாள் அவள் கையைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தாள். பிடித்த கையை விடாமலே சொன்னாள்.

"உனக்கு முன்னால ரெண்டு புள்ளைங்கம்மா. ஒண்ணு மூணாம் நாளு போச்சி. ஒண்ணு ஏழாம் மாசம், தவழ ஆரம்பிச்சிட்டு போச்சி. மூணாவதா நீ. பெத்தவங்களுக்கு நெலைக்கலன்னா புள்ளைய தவுட்டுக்கு வித்துடறது அப்பல்லாம் வழக்கம். ஒரு படி தவுட்டுக்குப் போன புள்ளைய எமன் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான், இத்தினி மட்டமான சரக்கான்னு நெனச்சிக்குவான். உங்க அம்மா கலியம்மாகிட்டதான் நாங்க பானை சட்டி வாங்கறது. நல்ல கை, நீ வாங்கிக்கம்மான்னு கேட்டன். தவுடு குடுத்து வாங்கிச்சி. வாங்கினவங்க அன்னிக்கே, இது எம்புள்ள, எனக்காக நீ வளத்துக் குடுன்னு பெத்தவகிட்டயே திருப்பித் தரணும். அதான் மொறை. அன்னிக்குன்னு பாத்து உனக்கு அனலா ஜுரம். எனக்கு பயம் புடிச்சிகிச்சி. இந்த வூட்டு வாசப்படிய நீ மிதிக்கவே வேணாம், அஞ்சு வயசு முடியற வரைக்கும் அங்கியே இருக்கட்டும்னு நாந்தான் சொன்னன். பால் கட்டிகினு பத்து நாளு துடிச்சன்."

"அப்பறம் ஏன் வரல?" என்றாள் கமலவேணி.

"வந்தாரே! அஞ்சு வயசு முடிஞ்சதும், வாங்கின தவுட்டத் திருப்பிக் குடுத்து உன்ன மீக்க வந்தாரு, உன்னப் பெத்த அப்பா. நீ அந்தம்மா பொடவைக்குப் பின்னால ஒளிஞ்சிகினு, யாரும்மா இதுன்னு கேட்டியாம். அந்தம்மாவுக்கும் வேற புள்ள இல்ல. ஒண்ணும் பேசாம உன்னத் தூக்கி இறுக்கிப் புடிச்சிகிச்சாம். தவுட்ட எடுத்துகினு திரும்பி வந்துட்டாரு. ரெண்டு நாளு சோறு எறங்கல. மூணாம் நாளு போயி, உறவு சொல்லிகினு நாங்களா வரமாட்டம்னு வாக்கும் குடுத்துட்டு, பத்திரத்துல கை வெச்சாரு. ஒண்ணும் வாங்கலன்னு அதுல எழுதினாங்களாம். ஒரு படி தவுடு வாங்கினனே, பொய்ச் சத்தியத்துல கைநாட்டு வெக்கமாட்டன்னு ஒரே புடியா நின்னாராம்."

கமலவேணி அழுதாள். ஒத்திகை பார்த்த அழுகையெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. இத்தனை வருடம் தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்று நம்பியிருந்தாள். எமன் கண்ணில் படாமல் ஒளித்தல்லவா வைத்திருக்கிறார்கள்! அவள் மட்டமான சரக்காகத் தெரியவேண்டும் என்று ஒரு தாய் பால் கட்டிக்கொண்டு துடித்திருக்கிறாள். அழுகையோடு சந்தோஷமும் பொங்கியது. எதை எதற்குள் அடக்குவது என்று தெரியாமல் மணியம்மாள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் புகழ்வேந்தன் உள்ளே கூட்டிப்போய்ப் பரணைக் காட்டினான். பதினேழு பித்தளைப் பானைகள், அடுப்பேறாதவை, கூடவே பதினேழு கரண்டிகள்.

"இத்தினி பானைய வெச்சிகினு இன்னாடா பண்ற?" என்று கேட்டுவிட்டாள். வாடிக்கையாளரை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கு முகமெல்லாம் பல்.

"அப்பா போறப்ப சொன்னாருக்கா. உறவுன்னு சொல்லிகினு போவாத, வாக்கு குடுத்திருக்கன். கடைக்கு யாரு வேணாலும் போலாம். வருஷத்துக்கு ஒரு தடவ போயி அக்கா நல்லா இருக்குதான்னு பாத்துட்டு வா. பேரம் மட்டும் பேசாத. அந்த வூட்டுல நாம வாங்கி வித்தது போதும்னாரு."

தீபிகாவின் கல்யாணத்தைச் சொல்லி, மாமனாக வந்து நிற்கவேண்டும் என்று கேட்டாள். புகழ்வேந்தன் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"பட்டம் கட்ட எனக்குக் கசக்குமாக்கா? ஆனா உன்ன இன்னும் மீக்கல. மீக்காத பொண்ணுக்கு நான் எப்படித் தம்பி? எப்படி மாமன் மொறை செய்ய முடியும்? தவுட்ட நான் எடுத்துகினு வரன். உங்க அம்மா கை நீட்டி வாங்கணும்."

வரும்போது இருந்த கோபம் போய், திரும்பும்போது கமலவேணிக்குப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. தவிட்டை வாங்கினால் பெண்ணைக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். அம்மா எப்படி வாங்குவாள்? அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

சொல்லவேண்டிய வேலையே இருக்கவில்லை. கடைப்படி ஏறும்போதே கல்லாவிலிருந்து கேள்வி வந்தது.

"மாடு எங்கடி?"

"இன்னாம்மா?"

"தவுடு வாங்கினியாமே. மாட்ட எங்க கட்டியிருக்க?"

ஸ்கூட்டர் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தீவனக் கடைக்காரன் வந்து வத்தி வைத்துவிட்டுப் போயிருந்தான். கமலவேணி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கலியம்மாள் கல்லாவைப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு நாள் கடைக்கு வரவில்லை. பேச்சும் சோறு, தண்ணீர் என்பதோடு நின்றது. ஐந்தாம் நாள் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கமலவேணி மெல்லக் கேட்டாள்.

"வருஷா வருஷம் வரது யாருன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"மூக்கப் பாத்தா தெரியல? உன் மூக்குதான அது."

"அப்பறம் ஏம்மா சொல்லல?"

"சொல்லி, நீ அங்க போயிட்டன்னா?"

எழுபத்தெட்டு வயதில், பேத்தி கல்யாணத்துக்கு நிற்கிற நேரத்தில், இப்படி ஒரு பயம்! கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. "இந்தக் கடைய வுட்டுட்டு எங்கம்மா போவன்?" என்றாள். கலியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தவிட்டை வாங்குவாயா என்று கேட்கக் கமலவேணிக்குத் துணிவு வரவில்லை. நவீன்குமார் மட்டும் துணிந்துவிட்டான்: போகிக்குள் பேர் வராவிட்டால் மாமன் இல்லாமலே அடித்துவிடுவானாம்.

போகிக்கு முதல்நாள் காலையில் கலியம்மாள் தானாகக் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். பொங்கல் வியாபாரம், கடையில் கால் வைக்க இடமில்லை. பதினோரு மணிக்கு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. புகழ்வேந்தன் சலவை வேட்டி கட்டியிருந்தான். காலில் சேறு இல்லை. கையில் ஒரு பித்தளைப் பானை, அது நிறையத் தவிடு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அதைக் கல்லாவின் முன்னால் வைத்தான்.

"அம்மா, நீங்க குடுத்த ஒரு படி தவுடு. எங்க அப்பா எடுத்துகினு வந்து, குடுக்காமயே திரும்பிட்டாரு. நான் கொண்டாந்திருக்கன்."

கமலவேணி கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். செந்தில்நாதன் ஏணியின் பாதியில் நின்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டால் எல்லாம் முடிந்தது.

கலியம்மாள் எழுந்தாள். உள்ளே போகவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பித்தளைப் படியை எடுத்தாள். முந்தானையால் துடைத்து, தவிட்டை அதில் சரித்தாள். படி நிறைந்து, குவிந்து, வழிந்து, கல்லா மேசையெல்லாம் கொட்டியது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்தக் குவியலை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அளந்து அளந்து பழகிய கையால் தலை தட்டினாள்.

"கொறையுது," என்றாள்.

"வழியுதேம்மா!" என்று கமலவேணி கத்திவிட்டாள்.

"யாருடி இங்க அளக்கறது, நீயா நானா? முக்காப் படிதான் இருக்குது. காப்படி பாக்கி." கலியம்மாள் புகழ்வேந்தன் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் வியாபாரிக் குரல்தான். "பாக்கிய அடுத்த பொங்கலுக்கு எடுத்துகினு வா. அப்பவும் கொறஞ்சா அதுக்கடுத்த பொங்கலுக்கு. முழுசா தீர்ற வரைக்கும் பொண்ணு என் வூட்டுலதான் இருக்கும். உங்க அம்மாவ ஏன்டா கூட்டிகினு வரல? ரெண்டு பக்கமும் பாக்கத்தான அளக்கணும்?"

"வரும்மா. நாளைக்கே கூட்டியாரன்."

"முக்காப் படி வாங்கியாச்சி. அப்ப முக்காவாசி தம்பி நீ. பட்டம் கட்ட அது போதும்." படியிலிருந்த தவிட்டைப் பத்திரமாக ஒரு தூக்கில் கொட்டி மூடினாள். "கமலா, இன்னும் இன்னாடி மரம் மாதிரி நிக்கற? அந்த அச்சுக்காரனுக்குப் போன போடு."

போனில் நவீன்குமார் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டான். தாய்மாமன்: சேலியமேடு அ. புகழ்வேந்தன். கமலவேணி அதை மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். அவனுக்குச் சந்தேகம் இருந்ததால் அல்ல, அவளுக்குக் கேட்க ஆசையாக இருந்ததால். வாங்க வந்த கூட்டம் வாங்குவதை மறந்துவிட்டு, மாமன் கிடைத்த கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தது.

புகழ்வேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் அடுக்கிலிருந்து ஒரு பானையை எடுத்து வைத்தான். பதினெட்டாவது பானை. கமலவேணி வழக்கம்போல் விலை சொன்னாள். அவன் பணத்தை எடுக்கவில்லை. பானையைத் தட்டிப் பார்த்தான், கவிழ்த்துப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"ரொம்ப சொல்றியேக்கா. தம்பிக்குக் கொஞ்சம் கொறச்சிக்கக் கூடாதா?"

கமலவேணி வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. கலியம்மாள் கல்லாவிலிருந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, கொசுறுக்கு இரண்டு கரண்டியை எடுத்துப் பானைக்குள் போட்டாள்.